சுண்டெலியின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பி: ஆண், பெண் வேறுபாடு

சுண்டெலியின் கீழ்த்தாடைக்கு அடியில் இணையாக உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்லிவிடலாம். வேறுபாடு முதன்மையாக உமிழ்நீர் வடியும் நாளங்களின் ஒரு பகுதியில் இருக்கிறது. துகள்கள் நிறைந்து சுருண்டு கிடக்கும் இந்தப் பகுதி மனிதச் சுரப்பியில் இல்லை. பருவமடைந்த ஆணில் இது அகன்று, சுரப்பியின் பெரும்பங்கை நிறைத்திருக்கும். அதன் உயரமான செல்களில் சுரப்புத் துகள்கள் திணிந்திருப்பதால் உட்கரு அடிப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். பெண்ணிலோ செல்கள் சிறியவை, துகள்களும் குறைவு.

இந்த வேறுபாட்டை 1940-இல் விவரித்தவர் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தின் அந்துவான் லக்கசாஞ். பெண் ஹார்மோனைச் செலுத்தி ஆண் சுண்டெலிகளில் மார்பகப் புற்றை உண்டாக்கலாம் என்று 1932-இலேயே காட்டியவர் அவர். விதை நீக்கப்பட்ட ஆணில் இந்த நாளம் சுருங்கும். டெஸ்டோஸ்டிரோன் பெற்ற பெண்ணில் ஆணுடையதைப் போல விரியும். ஆகவே இதைப் பிறப்போடு முடிவாகிவிட்ட வேறுபாடாகக் கருதுவது தவறு. ஹார்மோன் இருக்கும்வரைதான் இந்த வடிவம் நிலைக்கும்.

சுரப்பிக்குப் பெரும்புகழ் வந்தது எதிர்பாராத வழியில். 1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும், நரம்பிழைகளை வளரச் செய்யும் பொருள் ஒன்றைக் கட்டித் திசுவில் தேடிக்கொண்டிருந்தனர். அதில் கலந்திருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பின் நஞ்சைச் சேர்த்தபோது, நரம்பிழைகள் முன்னிலும் அடர்த்தியாக வளர்ந்தன. தேடிய பொருள் நஞ்சிலேயே மிகுதியாக இருந்தது. நச்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இனமானது என்ற எண்ணத்தில் கோஹன் சுண்டெலியின் சுரப்பியைச் சோதித்தார். வளர்ந்த ஆண் சுண்டெலியின் சுரப்பி, தேடிய பொருளான நரம்பு வளர்ச்சிக் காரணியின் வளமான ஊற்றாக அமைந்தது. அந்தச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திய குட்டிகள் இரண்டு வாரம் ஆக வேண்டிய கண்திறப்பை ஒரு வாரத்திலேயே முடித்தன. வேறு எவரும் தற்செயல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்தக் காட்சியைக் கோஹன் விடவில்லை. அதற்குக் காரணமான புரதத்தை 1962-இல் பிரித்தெடுத்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆணுக்கு இவ்வளவு காரணி எதற்கு என்ற கேள்விக்கு அதே ஆண்டு ஒரு தடயம் வெளியானது. சுரப்பி அகற்றப்பட்ட ஆண் சுண்டெலிகளில் விந்தணு எண்ணிக்கை குறைந்தது; மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்ததும் மீண்டும் உயர்ந்தது.