மனநலக் குறைபாடுகளும் மூளைப் படமும்: ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மன்னவனூர் முதலிய பழனி மலை ஊர்களிலிருந்து மனநலச் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்பதாகும். மலையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ இறங்கி, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தேனியிலோ எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். தனியார் நிலையம் எனில் கட்டணமும் சில ஆயிரம் ஆகும். அதன்பின் "இயல்பாக உள்ளது" என்று அறிக்கை வரும்போது, நோயே இல்லை, நடிக்கிறார் என்று சிலர் முடிவு செய்கின்றனர். வேறு சிலர், இன்னும் பெரிய இயந்திரத்தைத் தேடி அலைகின்றனர். இரண்டுமே நோயாளிக்குத் தீங்கானவை.

மனச்சிதைவு, மனச்சோர்வு, இருதுருவ மனநோய், பதற்ற நோய் ஆகியவற்றுள் எதையும் ஸ்கேனை மட்டும் கொண்டு உறுதிசெய்யும் முறை இன்று உலகின் எந்நாட்டிலும் நடைமுறையில் இல்லை. இந்நோய்கள் நோயாளியிடமும் உடனிருப்போரிடமும் விரிவாகப் பேசி, அறிகுறிகளின் தன்மையையும் கால அளவையும் ஆராய்ந்தே கண்டறியப்படுகின்றன.

ஸ்கேன் தேவைப்படும் நிலைகள்

மனநல மருத்துவர் ஸ்கேன் கேட்பது, மனநோயைக் காண்பதற்காக அன்று. மனநோய் போலத் தோன்றும் வேறு நோய் மூளையில் உள்ளதா என்று அறிவதற்காகவே. மூளைக்கட்டி, இரத்தக் கசிவு, மூளைக் காசநோய், நாடாப்புழுவின் நீர்க்கட்டி, பழைய தலைக்காயம் ஆகியவை படத்தில் தெரியும்.

கீழ்க்கண்டவற்றுள் எது இருப்பினும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்: முதன்முறையாக வந்த வலிப்பு, காய்ச்சலுடன் திடீரெனத் தோன்றிய குழப்பம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட பின் ஏற்பட்ட நடத்தை மாற்றம், நாற்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தோன்றும் மாயக் குரல்கள் அல்லது ஐயப் பிறழ்வு, சில வாரங்களிலேயே விரைந்து குறையும் நினைவாற்றல்.

எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தாலும் வானொலி அலைகளாலும் இயங்குவது. அதில் எக்ஸ் கதிர் இல்லை. சி.டி. ஸ்கேனில் எக்ஸ் கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லுமுன் ஊக்கு, மெட்டி, சங்கிலி அனைத்தையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் முன்னதாகவே வெறும் மஞ்சள் கயிறாக மாற்றிக்கொண்டு வரலாம். இதய முடுக்கி, உடலில் உலோகத் துண்டு, கருவுற்றிருத்தல் ஆகியவற்றைக் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஆராய்ச்சிச் செய்திகளை எவ்வாறு புரிந்துகொள்வது?

"மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் மாற்றம் கண்டுபிடிப்பு" என்பது போன்ற செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவை குழுக்களின் சராசரியைப் பற்றியவை. ஒரு தனி மனிதரைப் பற்றியவை அல்ல. இவ்வேறுபாடு குடும்பத்தினருக்கு மிக முக்கியமானது என்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

எனிக்மா என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு, மனச்சிதைவு நோயுள்ள 2,028 பேரின் மூளைப் படங்களை நோயற்ற 2,540 பேரின் படங்களுடன் ஒப்பிட்டு 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. நினைவாற்றலுடன் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி, நோயுள்ளோரிடம் சராசரியாகச் சிறிதாக இருந்தது. ஆழ்பகுதிகளில் அவர்கள் கண்ட வேறுபாடுகளுள் இதுவே பெரிது. எனினும் அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் பொருள் விளங்கும். நோயுள்ள ஒருவர், நோயற்ற ஒருவர் என நூறு இணைகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 63 இணைகளில் நோயுள்ளவரின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருக்கும். மீதி 37 இணைகளில் நோயற்றவருடையதே சிறியதாக இருக்கும். இத்தகைய அளவை வைத்து ஒருவரை நோயாளி என்றோ நலமானவர் என்றோ பிரிக்க இயலாது.

மனிதருக்கு மனிதர் மூளையின் அளவும் மடிப்பும் இணைப்பும் இயல்பாகவே வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுகளைச் சிந்தனைத் திறனோடும் மனநலத்தோடும் தொடர்புபடுத்த எத்தனை பேரைப் படமெடுக்க வேண்டும் என்பதை, ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு சோதித்தது. நேச்சர் இதழில் 2022-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு, நம்பகமான விடைக்குப் பல ஆயிரம் பேர் தேவை என்பதாகும். இருபது முப்பது பேரை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் முடிவுகள் பின்னர் உறுதிப்படாமல் போனதற்கு இது ஒரு காரணம். செய்தித்தாளில் ஓர் ஆய்வைப் படிக்கும்போது, எத்தனை பேர் பங்கேற்றனர் என்பதை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

வளரும் மூளை

குழந்தையின் உயரத்துக்கும் எடைக்கும் அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டை இருப்பதைப் போல், மூளைக்கும் ஒன்றை உருவாக்கும் முயற்சி நடைபெறுகிறது. கருப்பருவம் முதல் நூறு வயது வரையிலான ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் 1,23,984 படங்களைத் தொகுத்த ஆய்வு 2022-இல் வெளியானது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி ஆறு வயதை ஒட்டி உச்ச அளவை அடைகிறது என்றும், இணைப்பு நரம்புகள் நிறைந்த வெண்ணிறப் பகுதி 29 வயதை நெருங்கும்வரை வளர்கிறது என்றும் அது காட்டியது. இதைத் தனி நோயாளிகளுக்கு இன்னும் பயன்படுத்தலாகாது என்று அதன் ஆசிரியர்களே எச்சரித்துள்ளனர். மேலும், அதிலுள்ள படங்களுள் பெரும்பான்மை ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களுடையவை.

அக்குறையைப் போக்கும் பணி நம் நாட்டில் தொடங்கியுள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையிலான சிவேதா ஆய்வு, பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் ஆகிய இடங்களில் 6 முதல் 23 வயது வரையிலானோரின் வளர்ச்சி, சூழல், மனநலம் ஆகியவற்றையும் அவர்களுள் ஒரு பகுதியினரின் மூளைப் படங்களையும் பதிவு செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளைக்குரிய 'தரணி' என்னும் முப்பரிமாண வரைபடத்தை, 5,132 நுண்வெட்டுகளைக் கொண்டு 2024-இல் வெளியிட்டது. இது உயிரிழந்த சிசுக்களின் மூளையிலிருந்து உருவாக்கப்பட்ட ஆய்வுக் கருவி. கருவுற்ற தாய்மார்கள் செய்துகொள்ளும் பரிசோதனை அன்று.

மூளை இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பதால், இளவயதில் போதைப் பொருள்களின் தாக்கம் கவலைக்குரியது. கொடைக்கானலில் இளைஞர்களைக் கவர்ந்துவரும் போதைக் காளானில் உள்ள சைலோசைபின், சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பொருள். குடும்பத்தில் மனநோய் உள்ளவரிடம் அது மாயத்தோற்றங்களுடன் கூடிய மனநோயைத் தூண்டக்கூடும். இதை ஸ்கேன் காட்டாது. உட்கொண்டவர் மருத்துவரிடம் உண்மையைக் கூறுவதே வழி.

மருந்து மூளையைக் கெடுக்கிறதா?

இவ்வச்சத்தால் பலர் மருந்தைப் பாதியில் நிறுத்துகின்றனர். இது தொடர்பாகச் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவன ஆய்வாளர்கள், ஸ்காட்லாந்து மருத்துவருடன் இணைந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மனச்சிதைவு நோய் இருந்தும் ஒருபோதும் மருந்து உட்கொள்ளாதவர்களை அவர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தனர். வாய், நாக்கு, கை கால்களில் தன்னிச்சையான அசைவுகள் அவர்களுள் சிலரிடமும் காணப்பட்டன. அத்தகையோரின் மூளையில், அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்பகுதியில் அமைப்பு வேறுபாடும் இருந்தது. அதாவது, இவ்வசைவுகள் நோயின் பகுதியாகவும் வரலாம். மருந்தாலும் வரலாம் என்பதில் ஐயமில்லை. எனவே புதிய அசைவு எதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

பாதரசத்துடன் பணிபுரிந்தோர் கவனத்திற்கு

கொடைக்கானலில் 1980-களில் தொடங்கி 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையில் பணிபுரிந்தோருக்கு இந்த விளக்கம் தனிப் பொருளுடையது. பாதரச ஆவி நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. கைவிரல் நடுக்கம், உறக்கமின்மை, மறதி, எளிதில் எரிச்சலடைதல், காரணமற்ற கூச்சம், ஈறு வீக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். எரிச்சலையும் கூச்சத்தையும் குணக்கேடு என்று வீட்டாரே தவறாக எண்ண இடமுண்டு.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட பாதிப்பில் மூளையின் பார்வைப் பகுதியும் சிறுமூளையும் சுருங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. ஆனால் அது மீன் வழியாக உடலில் சேர்ந்த மீத்தைல் பாதரசத்தால் நேர்ந்தது. தொழிற்சாலையில் சுவாசிக்கப்படும் பாதரச ஆவி வேறு வகை. அதனால் பாதிக்கப்பட்டோரின் ஸ்கேன் இயல்பாகவே இருக்கக்கூடும். பணியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும் பழைய பாதிப்பைக் காட்டுவதில்லை. உடலில் சேர்ந்த பாதரசத்தின் பாதி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வெளியேறிவிடும். எனவே ஸ்கேன் இயல்பாக இருப்பது, பாதிப்பு நேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பணி என்பதை எழுதி மருத்துவரிடம் அளிப்பது மிகப் பயனுள்ள தகவல். குழந்தைகளின் வளர்ச்சியில் ஐயமிருப்பின், தாயின் பணிக்காலத்தையும் சேர்த்துக் கூற வேண்டும்.

ஆய்வில் பங்கேற்கக் கேட்டால்

மனநல மருத்துவச் சட்டம் 2017-இன்படி, ஆய்வில் பங்கேற்பவரின் விருப்பமான, விளக்கப்பட்ட ஒப்புதல் கட்டாயம். மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது. 7 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளிடம், பெற்றோரின் ஒப்புதலுடன் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. ஸ்கேனில் எதிர்பாராத கட்டியோ வேறு மாற்றமோ தெரிந்தால் யார் தெரிவிப்பார், சிகிச்சைக்கு எங்கு அனுப்புவார் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் கேட்டறிய வேண்டும்.

உதவி பெற

டெலி-மானஸ் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையையும் அணுகலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளைக் கேட்டறிந்து, பழைய மருந்துச் சீட்டு, ஸ்கேன் படம், அதன் அறிக்கை ஆகியவற்றுடன் செல்ல வேண்டும். படம் இல்லாமல் அறிக்கையை மட்டும் கொண்டுசென்றால் மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரிடலாம்.