குர்குமின் கொழுப்பு நானோ துகள்கள்

மஞ்சள் கிழங்கின் நிறமியான குர்குமினை உடல் எளிதில் உறிஞ்சும்படி நுண்ணிய கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்து தரும் மருந்து வடிவம் இது. துகளின் விட்டம் பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர். கொரோனா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்புத் துகள்கள் வேறு வகை.

1815இல் பிரித்தெடுக்கப்பட்ட குர்குமின் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கரையும் சிறிதளவும் நிலைப்பதில்லை; அமிலகாரக் குறியீடு 7.2 உள்ள கரைசலில், 37 பாகை செல்சியஸில், அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். தப்பியதைக் குடற்சுவரும் கல்லீரலும் குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் வீட்டு வழக்கம் இந்தத் தடைகளை ஓரளவு தொடுகிறது: பாற்கொழுப்பில் குர்குமின் கரையும், மிளகிலுள்ள பைப்பரின் அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும்.

இந்த நானோ துகள்களைத் தயாரிக்கும்போது, கிளிசரைல் மோனோஸ்டியரேட் போன்ற திடக்கொழுப்பை உருக்கி அதில் குர்குமினைக் கரைப்பர். பாலிசார்பேட் 80 அல்லது லெசித்தின் கலந்த சுடுநீரில் அதைச் சேர்த்து, ஹோமோஜினைசரில் பல நூறு பார் அழுத்தத்தில் செலுத்துவர். ஆறியதும் துளிகள் இறுகித் துகள்களாகும். தொல்லை அதன் பிறகுதான். தூய கொழுப்பு நாள்பட நாள்பட நெருக்கமான படிக அமைப்புக்கு மாறும். உள்ளே இடமில்லாமல் குர்குமின் வெளியே தள்ளப்படும். அதனால் 1990களின் இறுதியில் திடக்கொழுப்போடு ஒலியிக் அமிலம் போன்ற நீர்மக் கொழுப்பையும் கலந்து, படிக ஒழுங்கை வேண்டுமென்றே குலைத்தார்கள். குறையுள்ள படிகமே இங்கு நல்ல படிகம்.

குடலில் லிப்பேஸ் நொதி கொழுப்பைச் செரிக்கும். அதில் விளைபவை பித்த உப்புகளோடு சேர்ந்து மைசெல் எனும் நுண்திரள்களாகிக் குர்குமினைக் குடற்சுவர்வரை கொண்டுபோகும். நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் கைலோமைக்ரான் எனும் கொழுப்புத் துகள்களாக நிணநீர் வழியே செல்வதால், அவற்றோடு போகும் பங்கு கல்லீரலின் முதல் வடிகட்டலுக்குத் தப்பும்.

இத்தனை மடங்கு உறிஞ்சல் கூடியது என்னும் விளம்பர எண்களை ஐயத்தோடே பார்க்கவேண்டும். பல ஆய்வுகள் இரத்த மாதிரியை நொதியால் சிதைத்து, குளுக்குரோனைடையும் சேர்த்தே 'மொத்தக் குர்குமின்' என்று அளக்கின்றன. மாறாத குர்குமின் அதில் சிறு பங்குதான். உறிஞ்சப்பட்டாலும் அது நோயைத் தீர்க்குமா என்பது தனிக் கேள்வி. ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் 2017இல் வந்த மீளாய்வு, இரட்டை மறைப்பு முறையில் போலிமருந்தோடு ஒப்பிட்ட சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்றது. 2019இல் இத்தாலியில் மஞ்சள் துணையுணவுகளை உட்கொண்டவர்களிடம் பித்தத் தேக்கத்தோடு கூடிய கல்லீரல் அழற்சி பதிவானது. அவற்றுள் சில, உறிஞ்சலைக் கூட்டும் வகையில் தயாரிக்கப்பட்டவை.