காமிராவும் இருளறையும்

சென்ற ஆண்டு நம்மிடம் ஓதி முடித்த மாணவர் ஒருவர் ஒரு நாள் அஸருக்குப் பின் நம் இல்லம் தேடி வந்தார். பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளையும், கபுறுஸ்தான்களில் சிதைந்து வரும் மீஸான் கற்களையும் படமெடுத்துத் தொகுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "கைக்கு அடக்கமான காமிரா ஒன்று வாங்க வேண்டும் ஹஜ்ரத். உயரத்தில் உள்ள எழுத்தை அண்மையில் காட்ட ஜூம் லென்ஸ் வேண்டும். உச்சி வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கண்ணை ஒட்டவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் வேண்டும். எதைத் தேர்வது?" என்றார்.

நாம் விடை கூறுமுன் மற்றொன்றையும் கேட்டார். "காமிரா என்பது 'கம்ரா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு, அதற்கு இருட்டறை என்று பொருள், காமிராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று தாங்கள் மேடையில் கூறியதைக் குறித்து வைத்திருக்கிறேன். தொகுப்பின் முன்னுரையில் எழுதலாமென்று அகராதியைப் புரட்டினேன். அந்தப் பொருள் எனக்குக் கிட்டவில்லையே ஹஜ்ரத்?"

நாம் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. அச்செய்தியை யாரோ எழுதியதிலிருந்து எடுத்துப் பல்லாண்டுகளாக மேடைதோறும் சொல்லி வந்தோமேயன்றி, நாமே அகராதியைத் திறந்து பார்த்ததில்லை. அன்று மஃரிபுக்குப் பின் இருவருமாக அமர்ந்து பார்த்தோம்.

சொல்லின் வரலாறு

'காஃப், மீம், ரா' என்னும் வேரிலிருந்து பிறப்பது 'கமர்', அதாவது சந்திரன். 'லைலத்துன் கம்ரா' என்றால் நிலவொளி வீசும் இரவு. அவ்வேர் சுட்டுவது வெண்மையை, ஒளியை, இருளை அன்று. இக்கால அரபியில் கப்பலின் சிற்றறைக்கு வழங்கும் 'கமரா' என்ற சொல்லோ ஐரோப்பியரிடமிருந்து அரபிக்கு வந்த விருந்தாளி. காமிரா என்பது வளைந்த கூரையுடைய அறையைக் குறிக்கும் 'கமாரா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. 'காமிரா அப்ஸ்கூரா', அதாவது இருண்ட அறை, என்ற தொடரை 1604இல் வெளிவந்த தம் நூலில் ஆண்டவர் வானியலறிஞர் கெப்ளர். இருளறைக்கு அரபியில் உரிய தொடர் 'அல்பைத்துல் முழ்லிம்' என்பதாகும். ஓசை ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாடிவிட்டோம்.

இப்னுல் ஹைதம் செய்தது என்ன?

சொல் நம்முடையதன்று என்பதால் அவ்வறிஞரின் புகழ் குன்றிவிடுமா? இல்லை. அவர் உண்மையாகச் செய்தவை, நாம் அவருக்குச் சூட்டிய பொய்ப்பெருமையினும் பெரியவை.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354, கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்தார். கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1040 அளவில் மறைந்தார். அவருக்கு முன் யூக்ளிட், தாலமி முதலிய பேரறிஞர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று கொண்டிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்பதை ஏழு பாகங்களாலான தம் 'கிதாபுல் மனாஸிர்' நூலில் இப்னுல் ஹைதம் நிறுவினார்.

அதற்கு அவர் கையாண்ட சோதனைகளுள் ஒன்று மிக எளியது. இருண்ட இடத்தை நோக்கிய ஒரு துளையின் எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில், விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிப்பொட்டு தனித்தனியே விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. திறந்தால் மீண்டும் தோன்றியது. எல்லா ஒளிகளும் அச்சிறு துளையிலேயே சந்தித்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. காமிராவில் படம் விழுவது இந்த விதியினால்தான்.

கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் தனியே ஒரு மகாலா எழுதினார். சூரியன் ஒரு பகுதி மறைந்திருக்கும்போது, சிறு துளை வழியே விழும் ஒளி பிறையாகத் தோன்றுவது ஏன், துளை பெரிதானால் பிறை மறைவது ஏன் என்று அதில் கணக்கிட்டு விளக்கினார்.

ஆயினும் துளையில் ஒளி புகுந்து உருக்காட்டுவதை அவருக்கு முன்பே சீன அறிஞரும் கிரேக்கரும் கண்டிருந்தனர். துளையில் வில்லை பொருத்தி ஓவியம் தீட்டும் கருவியை அவர் செய்யவுமில்லை. வில்லையைச் சேர்க்கும் யோசனை 1550இல் இத்தாலியரான கார்டானோவின் நூலிலும், 1568இல் பார்பரோவின் நூலிலும் காணப்படுகிறது. ஆனால் கிதாபுல் மனாஸிர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் ரிஸ்னர் என்பவரால் அச்சிடப்பட்டதும், அந்த மரபைக் கற்றே கெப்ளர் விழித்திரையில் உருவம் விழுவதை விளக்கியதும் வரலாறு. கண் சொல்வதை அப்படியே நம்பாது சோதித்துப் பார் என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம். அவர் பெயரால் சோதியாத செய்தியைப் பரப்பியவர்களோ நாம்.

கண்ணும் வில்லையும்

1839இல் டாகர் தம் முறையை வெளியிட்டபின், இருளறையில் விழுந்த நிழல் தகட்டில் நிலைத்தது. அன்றைய பெரிய காமிராக்களில் பின்புறக் கண்ணாடியில் உருவைப் பார்த்த பின்னரே தகட்டைச் செருகுவர். 1888இல் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடக் பெட்டி, 100 படம் எடுக்கும் சுருளுடன் 25 டாலருக்கு விற்றது. அதில் பார்க்கும் சாளரமே இல்லை. பெட்டியின் மேல் வரைந்த கோடுகளைக் கொண்டு குத்துமதிப்பாகக் குறிபார்க்க வேண்டும். கருவி எளிதாயிற்று, கண்ணுக்கு அதில் இடமில்லாது போயிற்று.

1925இல் ஜெர்மனியில் பர்னாக் வடிவமைத்த லைக்கா காமிரா, கண் வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்துடன் விற்பனைக்கு வந்தது. ஆனால் சாளரம் மேலே, லென்ஸ் கீழே. தொலைவுப் பொருளில் இவ்வேறுபாடு தெரியாது. அண்மைப் பொருளிலோ சாளரம் காட்டுவது ஒன்று, படத்தில் விழுவது வேறொன்று. எடுத்தவர் தலையைக் கண்டிருப்பார். படத்தில் தலை வெட்டுண்டிருக்கும். இதனை இடமாறு தோற்றப்பிழை என்பர். 1954இல் வந்த லைக்கா எம்-3, சாளரத்துள் ஒளிரும் சட்டத்தைத் தானே நகர்த்தி இப்பிழையைக் குறைத்தது.

ஜூம் லென்ஸ் வந்தபோது சிக்கல் மிகுந்தது. 35 மில்லிமீட்டர் காமிராவுக்கு முதலில் வந்த ஜூம், 1959இல் வெளிவந்த 36-82 அளவுள்ள சூமார். கைக்கு அடக்கமான காமிராவில் 1986இல் பென்டக்ஸ் நிறுவனம் 35-70 ஜூமைப் பொருத்தியது. லென்ஸ் நீளும்தோறும் சாளரக் காட்சியும் உடன் நெருங்க வேண்டுமல்லவா? அதற்கென நுண்ணிய பொறியமைப்புகள் செய்யப்பட்டன. அப்போதும் இரு காட்சிகளும் முழுதும் ஒன்றவில்லை. 2008 முதல் 2013 வரை வந்த கேனான் ஜி-10, ஜி-16 முதலிய காமிராக்களின் சாளரம், படத்தில் விழுவதில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கையே காட்டியது.

1995இல் கேசியோ நிறுவனத்தின் க்யூவி-10 பின்புறத் திரையுடன் வந்தபின், சிறு காமிராக்களில் சாளரம் மெல்ல மறைந்தது. 2014இல் சோனி ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் வடிவத்தில் அது மேலெழும் மின்னணு வியூஃபைண்டராகத் திரும்பியது. லென்ஸ் காண்பதையே இது கண்ணுக்குக் காட்டுவதால் இடமாறு பிழை அறவே நீங்கிற்று. இதற்கிடையே கைபேசி இத்தொழிலையே விழுங்கிவிட்டது. லென்ஸ் பிரியாத காமிராக்கள் 2010இல் 10 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அத்தொகை 20 லட்சத்திற்கும் குறைவு. ஆகவே மாணவர் கேட்ட வகையில் பல இன்று பழைய பொருளாகவே கிட்டும்.

தேர்வு

மாணவருக்கு நாம் கூறியவை இவை. மீஸான் கல் அண்மையில் எடுக்க வேண்டியது. ஆகவே ஒளிச்சாளரத்தினும் மின்னணுச் சாளரம் மேல். முகத்தோடு அணைத்துப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறையும்.

ஜூமின் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. ஆர்எக்ஸ்100 மூன்றாம் வடிவம் 24-70 அளவே செல்லும். ஆனால் அதன் வாய் 1.8 முதல் 2.8 வரை அகன்றது. 2016இல் வந்த பானசோனிக் டிஇஸட்-100 காமிரா 25-250 வரை செல்லும். நீளும்போது வாய் 2.8இலிருந்து 5.9 ஆகச் சுருங்கி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒளியே புகும். மங்கிய உட்பள்ளிக்கு முன்னது. மினாராவின் உச்சியில் உள்ள எழுத்துக்குப் பின்னது. உயரக் கல்லை அடியில் நின்று எடுத்தால் எழுத்து மேல்நோக்கிக் குறுகும். விலகி நின்று ஜூமால் நெருக்கினால் அக்கோணல் குறையும். 'டிஜிட்டல் ஜூம்' என்பதோ படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. அதனைக் கணக்கில் கொள்ளற்க.

இவ்விரண்டிலும் உள்ள சென்ஸாரை 'ஓர் அங்குலம்' என்பர். உண்மையில் அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், அதன் மூலைவிட்டம்கூட ஓர் அங்குலம் வராது. ஆயினும் சாதாரணச் சிறு காமிராவின் சென்ஸாரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்குப் பரப்புடையது; தேய்ந்த எழுத்தின் நுட்பம் அதில் நன்கு பதியும். பெயர் ஒன்று, பொருள் ஒன்று என்பது இங்கும் உண்டு.

மாணவர் பழைய பொருளாக ஒரு ஆர்எக்ஸ்100 மூன்றாம் வடிவத்தை வாங்கினார். முதற் கல்லை எடுக்கும் அன்று நம்மையும் அழைத்துச் சென்றார். கண்ணைச் சாளரத்தில் வைத்துப் பார்த்தோம். வெறுங்கண்ணுக்கு 'வாவ்' எனத் தோன்றிய எழுத்து 'ரா' என்று தெளிந்தது. இறந்தவரின் பெயரையே அவ்வூரார் நெடுங்காலமாகத் தவறாக வாசித்து வந்திருக்கின்றனர். "முன்னுரையில் காமிராவைப் பற்றி என்ன எழுதட்டும் ஹஜ்ரத்?" என்றார் மாணவர். "நாம் மேடையில் சொன்னது பிழை என்று எழுதுங்கள் தம்பி, அதைத் திருத்தியவர் தாங்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்" என்றோம்.