வெறும் கண்ணோடு இறங்கியவர்கள்

விடியலில் முத்தையாபுரம் பக்கம் சைக்கிள் மிதிக்கும்போது என் கண்ணாடிக்கு நிறமற்ற வில்லை போதும். வெயில் ஏறி உப்பளம் மின்னினால் கறுப்பு வில்லையை மாற்றிக்கொள்வேன்.

எங்கள் கரையில் கண்ணுக்கு இத்தனை வசதி புதிது. அந்நாளில் முத்துக்குளித்த பரவர்கள் கல்லைக் காலில் மாட்டி, மூக்கைப் பிடித்து, வெறும் கண்ணோடு 5 முதல் 10 பாகம் ஆழம் வரை இறங்கினார்கள். கருவிழியில் தண்ணீர் நேராகப் பட்டால் ஒளி போதிய அளவு வளையாது, எல்லாம் மங்கல்தான். அந்த மங்கலில் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் நிரப்பிய திறமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கண்ணுக்கும் தண்ணீருக்கும் இடையே காற்று இருந்தால் பார்வை தெளியும்; இன்று சங்கு குளிப்பவர்களுக்கு முகக்கண்ணாடி அதைத் தருகிறது. முத்துக்குளிப்போ 1961-உடன் நின்றுவிட்டது.

உப்பு வாருகிறவர்களில் பலர் இன்னும் வெறும் கண்ணோடுதான் நிற்கிறார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியை அவர்களுக்கு முதலாளிகளே வாங்கித் தரவேண்டும்.