கொழுந்துச் சீட்டைக் கேளுங்கள்

ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு வருகிறவர்கள் பழைய இயந்திரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1925இல் கட்டிய தொழிற்சாலைதான் 2001இல் நூதனசாலையானது. இயந்திரங்கள் அழகுதான். என்னைக் கேட்டால், தேயிலையின் வரலாற்றைத் தராசிலிருந்துதான் தொடங்குவேன்.

அப்பா கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. சாக்கு கொக்கியில் ஏறும். முள் ஆடி நிற்பதற்குள் தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று கழித்து எழுதிவிடுவார். தோட்டத் துரை சொன்ன கழிவு. சொன்ன கிலோ வராத பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நிறுத்தவரே எழுதினார், சரிபார்க்க ஆளில்லை.

சொந்தமாகக் காணி வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? இல்லை. தேயிலை தோட்டங்களோடுதான் தொடங்கியது. இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. தொழிற்சாலை உள்ள தோட்டங்களுக்கான சந்தை அது. அரை ஏக்கர்காரரின் கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். வீதியோரம் கொழுந்து ஏற்ற வரும் லொறிக்காரர் சொல்வதுதான் நிறை.

1957இல் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1975இன் சட்டத்தால் சிறுபற்று நிலங்களுக்கென்று தனி அதிகாரசபை அமைந்தது. ஏலத்தின் சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு என்று சூத்திரமும் வந்தது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. இன்று நாட்டின் தேயிலையில் முக்கால் பங்குக்குக் கிட்ட இந்தச் சிறு காணிக்காரர்களுடைய கொழுந்துதான். ஆனால் சூத்திரம் விலையைத்தான் காக்கிறது. பத்துக் கிலோவை எட்டாக எழுதினால் அந்த 68 எட்டுக்குத்தான் கிடைக்கும்.

இந்தக் காணிக்காரர்களுக்கான ஒரு திட்டத்தை மதிப்பிடப் படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். எத்தனை பயிற்சிக்குப் போனீர்கள், எத்தனை கன்று கிடைத்தது என்றெல்லாம் கேள்வி. கழிவு எவ்வளவு என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. ஒரு அம்மா, நிறையும் கழிவும் எழுதிய கொழுந்துச் சீட்டுகளை நூலில் கோத்து ஆணியில் மாட்டியிருந்தார். "இதைப் பார்க்க மாட்டீங்களா தம்பி?" என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

மறுநடுகைத் திட்டங்களை அளப்பது இன்னும் சிக்கல். பழைய செடியைப் பிடுங்கி, குவாத்தமாலாப் புல் போட்டு மண்ணை ஆறவைத்து, கன்று வைத்துக் கொழுந்து பார்க்கச் சில வருடங்கள் ஆகும். திட்டம் அதற்குள் முடிந்துவிடும். நட்ட ஹெக்டேரை எண்ணி வெற்றி என்று எழுதிவிடுவார்கள். 2016இல் தொடங்கிய, சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம் கடன் கொடுத்த திட்டத்தில் கண்டியும் இருந்தது. அதன் நடுவில்தான் 2021இன் இரசாயன உரத்தடை வந்தது. 2022இல் ரூபாய் விழுந்தது. கொழுந்து விலை ஏறியது. உரமோ பல மடங்கு ஏறியது. அந்த வருடத்தின் ரூபாய் வருமானத்தை மட்டும் பார்ப்பவர் யாருமே கஷ்டப்படவில்லை என்றுதான் எழுதுவார்.

அடுத்த முறை மதிப்பீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடம் முழுவதற்குமான கொழுந்துச் சீட்டையும் உரக்கடை ரசீதையும் கேளுங்கள். திட்டத்தில் சேராத பக்கத்து வீட்டுச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். லொறி வரும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், உங்கள் சொந்தத் தராசோடு வாருங்கள்.