டியோ, ரோனி ஜேம்ஸ் (1942–2010)

அமெரிக்க ராக் பாடகர். 1979இல் ஓஸி ஆஸ்போர்ன் நீக்கப்பட்டதும், பிரிட்டனின் பிளாக் சப்பாத் குழுவில் அவரிடத்துக்கு வந்தவர். 2010 மே 16 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பொது அஞ்சலிக்கு ரசிகர்கள் திரண்டனர். அதே ஆண்டு பல்கேரியாவின் கவர்னா நகரில் அவருக்குச் சிலை எழுந்தது.

இன்னொருவர் இடத்தை நிரப்ப வந்தவர் என்று மட்டும் ரசிகர்கள் அவரை நினைவுகூர்வதில்லை. குழுவின் இரண்டாம் காலத்தை உருவாக்கியவராகவே போற்றுகிறார்கள். இது நியாயமான மதிப்பீடு. 1980இல் வெளியான 'ஹெவன் அண்ட் ஹெல்' தொகுப்பின் வரிகளை அவரே எழுதினார்; அவருடைய விரிந்த குரலுக்கேற்ப குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் இசையும் புதுப் போக்கு கொண்டது. 2006இல் அவருடன் மீண்டும் இணைந்த பிளாக் சப்பாத் கலைஞர்கள் அந்தத் தொகுப்பின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். ஹெவி மெட்டலுக்கு அடித்தளமிட்டவை ஆஸ்போர்ன் காலத்துத் தொகுப்புகளே என்பது சிலரின் மறுப்பு. அது உண்மைதான். ஆனால் தொடக்கத்தின் பெருமை தொடர்ச்சியின் பெருமையைக் குறைக்காது. அதற்கு முன் பாடிய ரெயின்போ குழுவிலேயே அவர் புகழ்பெற்றுவிட்டார் என்பாரும் உண்டு. சரிந்துகொண்டிருந்த குழு ஒன்று அவரால் மீண்டெழுந்ததை அந்த முன்புகழ் மட்டும் விளக்கிவிடாது.