பைப்படி

மூணாறுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் ஒரு பெண்ணின் கதை உண்டு. எலினோர் நைட் என்ற ஆங்கிலேயப் பெண், தோட்ட நிர்வாகி ஒருவரை மணந்து மலையேறி வந்தார். வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்துபோனார். அது 1894 டிசம்பர். ஊரைப் பார்த்தபடி இருக்கும் குன்றில் அவரைப் புதைத்தார்கள். அந்தக் குன்றின் அடியில் 1910-11-ல் ஒரு தேவாலயம் எழும்பியது. கல்லறை முந்தியது, கோயில் பிந்தியது.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது டீச்சர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கதையைக் கேட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா படங்கை உதறிக் கொடியில் போட்டபடியே, "எங்க ஆச்சிய எங்க பொதைச்சாவன்னு தெரியுமாட்டி ஒனக்கு?" என்று கேட்டாள். தெரியாது. அம்மாவுக்கும் ஏதோ ஒரு டீக்காடு என்பதுதான் தெரியும். பிறகு அங்கே பழைய செடிகளைப் பிடுங்கிப் புதுச்செடி நட்டார்களாம். எலினோருக்காக அழுதது இன்றைக்கும் தவறாகத் தோன்றவில்லை. கல் இருந்த பெண்ணுக்காக அழ முடிந்தது, அவ்வளவுதான்.

மூணாறின் எழுதப்பட்ட வரலாறு ஒரு குத்தகைப் பத்திரத்தில் தொடங்குகிறது. 1877-ல் பூஞ்ஞார் அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. முதுவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த மலை அது. சிங்கோனா, காப்பி என்று பலதையும் நட்டுப் பார்த்து, தேயிலையில் வந்து நின்றார்கள். 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை, 1908-ல் சிறு ரயில். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அள்ளிக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். இவையெல்லாம் அங்குள்ள தேயிலை அருங்காட்சியகம் போன இரண்டு மணி நேரத்தில் யாருக்கும் கிடைத்துவிடும். தேயிலை கீழே இறங்கிய பக்கத்திலிருந்துதான் மனிதர்கள் மேலே ஏறினார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுத் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து போடி வந்து மலையேறியவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களில் சரிபாதிக்குக் குறையாமல் பெண்கள். கொழுந்து கிள்ள மெல்லிய விரல் வேண்டும் என்று சொல்லிப் பெண்களைக் காட்டுக்குள் விட்டார்கள். மேற்பார்வைக்கு அந்த விரல் தேவைப்படவில்லை. அது ஆண்களுக்குப் போயிற்று.

நான் எழுத விரும்புவது பத்திரத்திலும் அருங்காட்சியகத்திலும் இல்லாத ஓர் இடத்தைப் பற்றி. எங்கள் லயத்தின் பைப்படி.

லயம் தெரியாதவர்களுக்கு: ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எங்களுடையதில் பத்து வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு துண்டுத் திண்ணை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டு இருமல் யாருடையது என்று சொல்லிவிடலாம். அடி விழுந்தால் எந்தக் கை என்றுகூடச் சொல்லிவிடலாம். வீடு வேலையோடு ஒட்டியது. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அதற்குப் பிறகு வீட்டில் வேறு யாராவது பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் அந்தக் கூரை. நான்கு தலைமுறை இருந்த வீட்டில் ஒரு செங்கல்கூட நமக்குச் சொந்தமில்லை.

பத்து வீட்டுக்கும் ஒரே பைப்பு. சாயங்காலம் நிறுவையெல்லாம் முடிந்து, அட்டை கடித்த காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குடத்தோடு எல்லாரும் அங்கே வருவார்கள். தண்ணீர் நூல்போல வரும். ஒரு குடம் நிறையும் நேரத்தில் ஒரு செய்தியை முழுதாகப் பேசிவிடலாம். யாருடைய எடையில் இன்று எத்தனை கிலோ வெட்டினார்கள், எந்தச் சூப்பர்வைசர் யார் பின்னால் நின்றான், யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது, சீட்டுப் பணத்தை இந்த மாதம் யாருக்கு விட்டுக்கொடுப்பது, ஊரில் யார் செத்தது, துட்டிக்குப் போக யாரிடம் பணம் இருக்கிறது. ஆண்கள் யூனியன் ஆபீசில் கூடுவார்கள். அங்கே பலகை இருந்தது, கொடி இருந்தது, மினிட் புத்தகம் இருந்தது. பைப்படியில் ஒன்றும் இல்லை. 'பொம்பளைக வாயளக்குற இடம்' என்பதுதான் அதற்கு இருந்த பெயர்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் வைத்திருந்தது அந்த வாயளப்புதான். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைக் கயத்தாற்றுப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்புவதாக இருந்தார். அம்மா வீட்டில் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. பைப்படியில் சொன்னாள். இரண்டே நாளில் அப்பா போகிற இடமெல்லாம், "என்ன மச்சான், பிள்ளைய விக்கப் போறீராமே?" என்ற கேள்வி. மூன்றாம் வீட்டு மைனி தன் புருஷனிடம் சொல்லி, அவர் டீக்கடையில் கேட்டு, கடைசியில் மஸ்டரில் வைத்தே ஒருவர் கேட்டுவிட்டார். அப்பா கத்தினார், ஒரு வாரம் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார், பிறகு விட்டுவிட்டார். யார் கிளப்பியது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்படிப் படித்து முனைவர் பட்டம் வரை போன நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அகப்பாடல்களில் வரும் அம்பலும் அலரும் என் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க இருக்கின்றன. அம்பல் என்பது வாய்க்குள் முனகல், மொட்டு. அலர் என்பது விரிந்த பேச்சு, பூ. ஊர்ப்பெண்களின் அலரைத் தலைவியின் காதலுக்கு நேரும் இடையூறு என்றும், அலரால் திருமணம் விரைவுபடும் என்றும் உரையாசிரியர்கள் வழியிலேயே எழுதி முடித்தேன். தெருவில் நின்று பேசும் அந்தப் பெண்கள் யார், அவர்களுக்கு எதற்காக இந்தப் பேச்சு, இதைவிட்டால் அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. பைப்படியில் குடம் வைத்துக் காத்திருந்தவளுக்கே அது தோன்றவில்லை. பல்கலைக்கழகம் போகும்போது லயத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் தேவிகுளம் என்றால் இசை ரசிகர்கள் உடனே பாவலர் வரதராசனைச் சொல்வார்கள். 1958 இடைத்தேர்தலில் அவர் பாடிய பாட்டுகள் கம்யூனிஸ்ட் கட்சியை ஜெயிக்க வைத்தன என்பது, இளையராஜாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருகிற கதை. ஜெயித்த வேட்பாளர் யார் என்று வகுப்பில் கேட்டால் ஒரு கைகூட உயராது. ரோசம்மா புன்னூஸ். கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலாவதாகப் பதவியேற்றுக்கொண்டவர். அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானதால்தான் அந்த இடைத்தேர்தலே வந்தது. பாட்டு நினைவிருக்கிறது, பாட்டு யாருக்காகப் பாடப்பட்டதோ அந்தப் பெண் இல்லை.

1998-க்குப் பிறகு குடும்பஸ்ரீ வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்திலிருந்து இருபது பேர் சேர்ந்தால் ஒரு அயல்கூட்டம். வாரம் ஒரு முறை கூடிச் சேமிப்பு, கடன், கையெழுத்து. மலையாளத்தில் அயல் என்றால் பக்கம், அண்டை. தமிழிலும் பழைய பொருள் அதுதான். ஆனால் இன்றைய தமிழ்க் காதுக்கு அயல் என்றால் அந்நியம். கேரள அரசின் மலையாள நோட்டுப் புத்தகத்தில் தமிழில் கையெழுத்துப் போட்ட எங்கள் லயத்துப் பெண்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தியது. குடும்பஸ்ரீயால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் அம்மா என் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் புரட்டியது அங்கேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசாததை எல்லாம் அவர்கள் மறுநாள் சாயங்காலம் பைப்படியில்தான் பேசினார்கள்.

2014-ல் அம்மா ஓய்வு பெற்று, என் தங்கை பேர் பதிந்து லயத்தில் தங்க, தேனிக்கு என்னோடு வந்தாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. போடிமெட்டு வழியாகப் பஸ் ஏறி மூணாறு போய்விட்டிருக்கிறாள். தங்கைதான் போனில் சொன்னாள்: "அம்மா இங்கன ரோட்ல உக்காந்திருக்குக்கா."

முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் மலைகளிலிருந்து இறங்கி வந்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். எந்தக் கட்சிக் கொடியையும் உள்ளே விடவில்லை. யூனியன் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். புருஷன்மார்களைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். தங்களுக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு வேறொன்றும் கேட்டது. பன்மைக்கு எதிர்ப்பதமான சொல்லை அத்தனை ஆயிரம் பேர் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் இல்லாமல், நோட்டீஸ் இல்லாமல், எப்படித் திடீரென்று கூடினார்கள் என்று பத்திரிகைகள் வியந்தன. பின்னால் யாரோ இருப்பதாகவும் சிலர் எழுதினார்கள். அம்மாவிடம் கேட்டேன். "திடீர்னா? எத்தன வருசமா பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள். ஒரு லயத்துப் பைப்படியிலிருந்து அடுத்த டிவிஷனில் வாக்கப்பட்ட நாத்தனாருக்கு, அங்கிருந்து அவள் அம்மா வீட்டுக்கு, சடங்கு வீட்டுக்கு, துட்டி வீட்டுக்கு என்று அந்தப் பேச்சு போயிருக்கிறது. மொட்டாக இருந்தது பூவாயிற்று என்று உரையாசிரியர் பாணியில் நான் சொன்னால் அம்மா சிரிப்பாள்.

போனஸ் 8.33 சதவீதமும் கருணைத்தொகை 11.67 சதவீதமுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த சுற்றுப் போராட்டத்துக்குப் பிறகு கூலி 301 ஆனது. கூடவே கிள்ள வேண்டிய அளவும் ஏறியது. அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமையின் கோமதி அகஸ்டின் வட்டார ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு பிளவு, கோபதாபம், ஆளுக்கொரு திசை. 2017-ல் மாநில அமைச்சர் ஒருவர், அந்த நாட்களில் போராட்டப் பந்தலையொட்டிய காட்டில் என்னென்ன நடந்தது என்று ஒரு மேடையில் இளக்காரமாகப் பேசினார். பெண்கள் மறுபடி மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். ஆண் மேடையில் மைக் பிடித்துப் பேசியதற்குப் பெயர் அரசியல் பேச்சு. அதையே எங்கள் பைப்படியில் ஒருத்தி சொல்லியிருந்தால் பொரணி.

பைப்படியைப் பூசிமெழுகவும் எனக்கு மனமில்லை. நாலாம் வீட்டில் என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள். லாரி ஓட்டுநர் ஒருவரோடு அவளைச் சேர்த்து ஒரு பேச்சுக் கிளம்பியது. என் படிப்பைக் காப்பாற்றிய அதே பைப்பு, அதே குடங்கள். ஒரு மாதத்தில் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தண்ணீர் பிடிக்க வந்த கடைசி நாளில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு முதலில் வழி விட்டது எனக்கு நினைவிருக்கிறது. முறை வராமல் அங்கே யாருக்கும் வழி விடமாட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர். மழையில் மின்சாரமும் போன் தொடர்பும் அறுந்திருந்ததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பல குடும்பங்கள் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து போய் ஒருவருக்கொருவர் உறவாக அடுத்தடுத்து இருந்தவர்கள். பத்திரிகைகள் இறந்தவர்களின் பட்டியலைப் போட்டன. அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். அம்மா ஒவ்வொரு பெயருக்கும் முறை சொன்னாள்: இவ அவளுக்குக் கொழுந்தியா, இது இவ பேத்தி, இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே அடுப்பு. பட்டியலில் அகரவரிசை இருந்தது. அவள் சொன்னது லயத்து வரிசை.

அதன் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்தேன். எங்கள் லயத்தில் ஒன்றாம் வீட்டிலிருந்து பத்தாம் வீடு வரை யார் யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை பெற்று எத்தனை தங்கியது, எங்கே புதைத்தது. பெண்களின் பெயர் வழியாக மட்டும். மூன்று வீடு மளமளவென்று வந்தது. நாலாம் வீட்டில் அம்மா நின்றுவிட்டாள். நான் அந்த அக்காவின் பெயரைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.

"மொதல்ல சொன்னது நான்தான்" என்றாள். "லாரிக்கிட்ட நின்னான்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன்."

எழுதவா என்று கேட்டேன்.

"எழுது. எம்பேரையும் போட்டு எழுது" என்றாள். பிறகு, "அஞ்சாம் வீடு" என்று ஆரம்பித்தாள்.